பதினோராம் பொருத்தம்

ஓடைக்கரைக் காட்டில் சருகுமான்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும். காது நீளம், குளம்பு அழகு, இப்படி ஏதேதோ. அத்தனையும் பார்த்துக் கட்டி வைத்தாலும், அவ்வப்போது ஒரு குட்டி கால் நடுக்கத்தோடு பிறக்கும். எழுந்து நிற்காது. ஒரு மழைக்காலம் தாண்டாது.

அந்தக் காட்டுக்கு ஒரு கிழட்டு அட்டை வந்து சேர்ந்தது. ஒரு சொட்டு ரத்தம் ருசி பார்த்தால் போதும், நடுக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். "ஒளிந்திருந்தால் ரத்தம் கசக்கும். அந்த மானுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கட்டிக்கொள்கிற இரண்டு பேருக்கும் கசந்தால்தான் குட்டிக்கு ஆபத்து வரலாம். அதனால் இரண்டு பேரும் வாருங்கள். அவரவர் காதில் மட்டும் சொல்கிறேன்" என்றது.

சிலம்பாயி என்ற மான் தன் மகன் மருதனுக்கு இலஞ்சியைப் பேசி முடித்திருந்தாள். இந்தப் பதினோராம் பொருத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் பெண்ணை மட்டும்தான் அனுப்பினாள். என் மகனுக்கு எதற்குச் சோதனை, அவன் சிங்கக்குட்டி என்றாள். மான் பெற்ற சிங்கக்குட்டியை அன்றுதான் காடு பார்த்தது! போதாததற்கு, அட்டை இருந்த பாறைக்கு மேலே கிளையில் ஒரு மைனாவையும் உட்கார வைத்தாள்.

அட்டை இலஞ்சியின் காதில் சொன்னது மைனாவின் காதிலும் விழுந்தது. பொழுது சாய்வதற்குள், இலஞ்சிக்குக் கசப்பு ரத்தம் என்று காடு முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. கல்யாணம் நின்றது. அதோடு விட்டார்களா? அவள் வாய் வைத்தால் தண்ணீரும் கசக்குமாம். கசப்பு ரத்தக் குடும்பம் இனி ஓடையின் மேல் மடுவில் குடிக்கக் கூடாது, கீழே சேற்றுப் பள்ளத்தில்தான் குடிக்க வேண்டும் என்று சிலம்பாயி சட்டம் போட்டாள். சேற்றுப் பள்ளத்தில் மலைப்பாம்பு கிடப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார்கள்.

இலஞ்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் காலை அட்டையின் பாறை அருகே கூடியிருந்த கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"சட்டம் நல்ல சட்டம்தான், அத்தை. அப்படியே மருதனையும் காலை நீட்டச் சொல்லுங்கள். மைனாவும் இங்கேதான் இருக்கிறது."

மருதன் நல்லவன். அம்மா தடுப்பதற்குள் அட்டையிடம் காலை நீட்டிவிட்டான். அட்டை ருசித்துவிட்டு அவன் காதில் ஏதோ சொன்னது.

"எனக்கும் கசப்புதான், அம்மா" என்று அவனே சொன்னான்.

கூட்டம் மெல்லச் சிலம்பாயி பக்கம் திரும்பியது. மகனுக்குக் கசந்தால், அது பெற்றவர்களில் ஒருவரிடமிருந்துதானே வந்திருக்கும். தலையாட்டியவர்களும் தங்கள் குடும்பத்தை எண்ணிப் பார்த்தார்கள் போலிருக்கிறது. ஒருத்தருக்குத் திடீரென்று குளம்பு வலித்தது, இன்னொருத்தருக்கு மேய நேரமாகிவிட்டது. சிலம்பாயி அட்டையின் பக்கம் குனிந்து, நேற்றுக் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டாள்.

"நான் எப்போதும் மெதுவாகத்தானம்மா பேசுகிறேன். கிளையில் ஆள் வைத்தது யார்?" என்றது அட்டை.

அன்றைக்கே அந்தச் சட்டம் செத்தது. எல்லாரும் மேல் மடுவிலேயே குடித்தார்கள். இலஞ்சியும் மருதனும் ஒரு புதருக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசினார்கள். என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? அது அவர்கள் இரண்டு பேர் சமாசாரம், நான் என்ன மைனாவா?

நோயை முன்கூட்டியே அறிவது பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கத்தான், இருக்கிறவர்களைச் சேற்றில் தள்ள அல்ல.