கரடியின் கோணல் சக்கரம்

பாறையும் புதருமாகக் கிடந்த ஒரு காட்டில் சைக்கிள் வைத்திருந்தது ஒரே ஒரு கரடிதான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நல்ல கரடி அது. அதற்கு வந்த கஷ்டமெல்லாம் அந்தத் தலையாட்டலால் வந்ததுதான், குழந்தைகளே!

அப்போது கடுங்கோடை. ஓடை வற்றிவிட்டது. தொலைவில் ஓர் ஊற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. குகையில் குட்டி போட்டிருந்த கரடியம்மா தாகத்தோடு படுத்திருந்தாள். பொழுது சாய்ந்தால் யானைக் கூட்டம் ஊற்றில் இறங்கிவிடும். அப்புறம் அங்கே மிஞ்சுவது சேறுதான். அதற்குள் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

கரடி காலிக் குடங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதிக் கோணிக்கொண்டது. உருட்டினால் சட்டத்தில் உரசிக் 'கிரீச்' என்று நின்றது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தது. ஒரு பக்கத்துக் கம்பியை முறுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் இழுபடும், அவ்வளவு தெரியும். ஆனால் கோணல் எந்தப் பக்கம்? கரடிக்குக் கண்பார்வை கொஞ்சம் மந்தம்.

அந்த வழியாக வந்த அவசரக்காரக் குரங்கு சைக்கிளுக்கு முன்னால் நின்று பார்த்தது. "கரடியண்ணே, சக்கரம் இடப்பக்கம் சாய்கிறது! வலப்பக்கக் கம்பியை முறுக்குங்கள்!"

சைக்கிளுக்குப் பின்னால் வந்து நின்றது பிடிவாதக்கார நரி. "யார் சொன்னது? வலப்பக்கம்தான் சாய்கிறது! இடப்பக்கக் கம்பியை முறுக்கும், கரடியாரே!"

கரடி திருதிருவென விழித்தது. "ஒருவர் இடம் என்கிறீர்கள், ஒருவர் வலம் என்கிறீர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

"என் கண் என்ன புண்ணா?" என்றது குரங்கு.

"என் கண் மட்டும் புண்ணா?" என்றது நரி.

யார் மனமும் நோகக் கூடாது என்று கரடி இரண்டு பக்கமும் முறுக்கியது.

"இன்னும் கொஞ்சம்!" என்றது குரங்கு. "இந்தப் பக்கமும் கொஞ்சம்!" என்றது நரி. கரடி முறுக்கு முறுக்கென்று முறுக்கியது. 'டிங்'கென்று ஒரு கம்பி அறுந்தது. அதுவரை பக்கவாட்டில் மட்டும் ஆடிய சக்கரம் இப்போது மேலும் கீழும் வேறு குதித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. குரங்குதான் பக்கத்திலேயே நின்றதே!

"எல்லாம் உன்னால்தான்!" என்று நரி குரங்கின் மேல் பாய்ந்தது. குரங்கு ஓட, நரி துரத்த, இரண்டும் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தன. மூச்சு வாங்கி நின்றபோது நரி முன்னால் இருந்தது, குரங்கு பின்னால் இருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"நன்றாகப் பார்! வலப்பக்கம்தான் சாய்கிறது!" என்றது குரங்கு.

"இல்லவே இல்லை, இடப்பக்கம்!" என்றது நரி.

கரடிக்குத் தலை சுற்றியது. இடம் என்ற குரங்கு இப்போது வலம் என்கிறது. வலம் என்ற நரி இடம் என்கிறது. இதென்ன கூத்து? கரடி சக்கரத்தைப் பார்த்தது. அது நட்டு வைத்தபடியே நின்றது. பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்தது. அவர்கள்தாம் மாறி நின்றிருந்தார்கள்.

"இடமும் வேண்டாம், வலமும் வேண்டாம்!" என்று கத்தியது கரடி. "அந்தப் பக்கம் நாவல் மரம். இந்தப் பக்கம் பாறை. சக்கரம் எதன் பக்கம் சாய்கிறது?"

"பாறைப் பக்கம்!" என்றன இரண்டும் ஒரே குரலில். சொன்ன பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கரடி பாறைப் பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, மரத்துப் பக்கத்துக் கம்பிகளை முறுக்கியது. சக்கரம் உரசாமல் சுழன்றது.

ஊற்றுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு குடம் நிறைவதற்கும் யானைகள் இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

குகையில் கரடியம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரு குடம்தானா? இன்னொன்று எங்கே?"

"அதுவா? இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் கொட்டிப் போய்விட்டது" என்றது கரடி.

நீதி: யோசனை சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு, பிறகு அதன்படி நட.