கூரைக்கு வெள்ளை

“உட்காரவே முடியலம்மா,” என்றார் சிற்றம்பலம். “கண்ணை மூடினா கூரைதான் நினைப்புல நிக்குது.”

வடிவாம்பிகை அம்மாள் பக்கத்தில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

சிற்றம்பலத்துக்கு அது பதிலாகப் படவில்லை.

குடியாத்தத்தில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது அம்மாளின் தியானக் கூடம். சுவர் செங்கல், கூரை தகரம். சித்திரை பிறந்துவிட்டால் காலையிலேயே உள்ளே அடுப்பு மூட்டினாற்போல் ஆகிவிடும்.

அம்மாளுக்கு நாற்பது வயதுதான். சிற்றம்பலம் நூற்பாலையில் மின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வரத் தொடங்கினார். தன்னைவிட இளையவரைக் குருவாக ஏற்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. வெயிலோடுதான் தகராறு.

அடுத்த வாரம் தன் செலவில் ஏசி வாங்கி மாட்டினார். அம்மாள் தடுக்கவில்லை.

கூடம் குளிர்ந்தது. வருகிறவர்கள் கூடினார்கள். சிற்றம்பலம் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தார். எழுந்ததும் அம்மாளைத் தேடிப் போய், மனசு அடங்க ஆரம்பித்துவிட்டது என்றார்.

அம்மாள் சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார்.

“இங்க இருந்த சூடு எங்க போச்சு?”

இது சிற்றம்பலத்துக்குத் தெரிந்த பாடம். குளிர் என்று தனியாக ஒன்றை ஏசி உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, கூடவே தான் ஓடுவதால் உண்டாகும் சூட்டையும் சேர்த்து, என்று உற்சாகமாக விளக்கினார்.

“வெளியேன்னா எந்த ஊரு?”

கேலி செய்கிறாரோ என்று சிற்றம்பலம் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஏசியின் வெளிப்பெட்டி சுவரில் இரைந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பின்வீட்டு ஜன்னல். அதைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

அது பீடி சுற்றும் மெகருன்னிசாவின் வீடு. அங்கேயும் தகரக் கூரைதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

அவரைக் கண்டதும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலை ஏன் மூடிவிட்டாய் என்று கேட்டார். அவள் தயங்கினாள்.

“அனல் அடிக்குதுங்க ஐயா. பரவாயில்ல. தியானம் பண்ற இடம், நாங்க என்னத்த சொல்றது.”

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழுவதையும் குடித்தார்.

அன்று மாலையே ஆளை வரவழைத்து ஏசியைக் கழற்றினார். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

சிற்றம்பலம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அப்படிக் கிடந்தபோதுதான் ஆலையின் நூல் கிடங்கு நினைவுக்கு வந்தது. அதன் தகரத்துக்கு மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடிப்பார்கள். மதியத்தில் ஆலை முழுக்க வெந்தாலும் கிடங்கு தணிந்தே இருக்கும். நூலுக்காகச் செய்தது அது. ஆட்கள் வேலை செய்யும் கொட்டகைக்கு அதை அடிக்கச் சொல்லி அவரும் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை.

எழுந்து கடைக்குப் போனார்.

விடிகாலையில் பெயின்ட் டின்களும் ஏணியுமாக வந்து, கூடத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெகருன்னிசாவின் சுவரில் ஏணியைச் சாத்தினார்.

தகரத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு அடிக்கத் தொடங்கினார். பாதிக் கூரை முடிவதற்குள் வெயில் ஏறி, காலை வைக்க முடியாமல் சுட்டது. இறங்கிவிட்டார்.

உச்சி வேளையில் மறுபடி வந்து பார்த்தார். மெகருன்னிசா அவரைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைத் தூக்கிச் சூட்டைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு தூளியை அவிழ்த்தாள். வெள்ளையடித்த பாதியின் கீழே இருந்த உத்திரத்தில் அதைக் கட்டினாள். ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சிணுங்கல் நின்றது.

சிற்றம்பலம் வெளியே சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை.

மறுநாள் காலை மீதிப் பாதியையும் முடித்துவிட்டுக் கீழே பார்த்தால், அம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறங்கியதும் சிற்றம்பலம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். கரண்ட் வேண்டாம், யார் ஜன்னலிலும் அனல் அடிக்காது, வந்த சூடு வந்த வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. இன்னும் இரண்டு டின் பாக்கி இருக்கிறது, கூடத்துக்குத் தாராளமாகப் போதும்.

அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

டின்களை எடுத்துவர சிற்றம்பலம் கூடத்துக்குள் போனார். திரும்பி வந்தபோது ஏணி இடம் மாறியிருந்தது. மெகருன்னிசாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. அதுவும் தகரம். அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

டின்களைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“அப்ப நம்ம கூரைக்கு எப்பம்மா?”

அம்மாள் ஏணியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

“நம்ம கூரையிலதான் சாத்தியிருக்கேன். ஏறுங்க.”