பொய்யன் கையைச் சுடும் கத்தி

பாங்காக்கில் ரத்தின வியாபாரம் செய்த சொக்கநாத பிள்ளைக்குத் தாய்லாந்துச் சடங்குக் கத்திகள் சேர்ப்பதில் பைத்தியம். பிக்குகள் மந்திரம் ஓதிய கத்தி எது, வெறும் கடைச்சரக்கு எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். ஓதிய கத்தியைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னால் கை வெந்துவிடும் என்றும் சொல்வார். அது எந்தச் சுவடியில் இருக்கிறது என்று விருந்தாளிகள் கேட்பதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும்.

ஒருநாள் அசலையும் அதைப்போலவே செய்வித்த நகலையும் விருந்தாளிகளுக்குக் காட்ட ஆசைப்பட்டார். சமையற்காரன் இருளப்பன் இரண்டையும் எண்ணெய் போட்டுத் துடைத்து ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்தான்.

பிள்ளை கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"மடையா, கலந்துவிட்டாயே! அசல் எதுவென்று இப்போதே சொல். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு!"

"வழி நீங்க சொன்னதுதானே ஐயா? கைக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டு, 'பார்த்ததும் அசலைக் கண்டுபிடிச்சிடுவேன்'னு ஒரு தரம் சொல்லுங்க. எந்தக் கை வேகுதோ, அதுல இருக்கிறது அசல்."

பிள்ளை இரண்டையும் எடுத்தார், வாயைத் திறந்தார், அப்படியே நின்றார். வெந்தால் தாம் பொய்யர். வேகாவிட்டால் அசலும் கடைச்சரக்கு. வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். எது நடந்தால் தேவலை என்றே புரியவில்லை.

"சொல்லுங்க பிள்ளைவாள், காத்திருக்கோம்," என்றார் ஒரு விருந்தாளி.

பிள்ளை கத்திகளைப் பூப்போலத் தட்டில் வைத்தார்.

"இருளப்பா, என்ன வேடிக்கை பார்க்கிறாய்? எல்லாருக்கும் பசிக்கிறது. இலையைப் போடு."