அழித்ததெல்லாம் போன இடம்

ஒரு காலத்தில், அதாவது போன மாதம்தான், ஒரு மேசைமேல் கறுப்புப் பலகை ஒன்று இருந்தது. நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். அதற்கு ஒரு பேனா உண்டு. பேனாவுக்கு மை கிடையாது. பேனாவால் பலகைமேல் எழுதினால் பலகையில் ஒன்றும் விழாது. எழுத்தெல்லாம் எதிரே இருக்கும் லேப்டாப்பின் திரையில் போய் விழும்.

பலகையின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதன் பெயர் அண்டூ. கடைசியாகப் போட்ட கோட்டை இல்லாமல் ஆக்குவது அதன் வேலை. ரப்பர் மாதிரி தூள் விடாது, தாளைக் கிழிக்காது. அது அழித்த இடத்தில் முன்பு ஏதாவது இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இந்த மேசையில ரகசியம் காக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று அண்டூ அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

"நான் பெத்ததை எல்லாம் முழுங்கிட்டு, ரகசியமாம் ரகசியம்" என்று பேனா முணுமுணுக்கும்.

மேசை இசக்கியம்மாளுடையது. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று இடத்தில் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தாள். மூன்று இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இது நாலாவது. இணையத்தில் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவர்களே எல்லாருக்கும் கொடுத்த குவிலென்ஸ் கணக்கு ஒன்றைக் கையால் எழுதிக் காட்டி, பத்து நிமிட வீடியோவாகச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப் போனால் வேலை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடாமலே அவள் மேசைக்கு வந்தாள். நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தால் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரே ஓட்டமாக ஓடவிட்டு, நல்ல பகுதியை மட்டும் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பது அவள் ஏற்பாடு. பதிவைத் தொடங்கினாள். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி கண் விழித்தது.

"யாரது புதுசா?" என்று கேட்டது அண்டூ.

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றது புள்ளி. "சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேன். பார்த்ததைக் கொண்டுபோய் அண்ணாச்சிகிட்ட கொடுப்பேன்."

அண்ணாச்சி என்பது லேப்டாப். வயதான லேப்டாப். காற்றாடி இரைய இரைய மூச்சு வாங்கும்.

"பார்த்துக்கோ, பார்த்துக்கோ. நான் அழிச்சப்புறம் பார்க்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கப் போகுது?" என்று சிரித்தது அண்டூ.

முதல் வரியே மேல்நோக்கி ஏறிற்று.

"தங்கச்சி, என்னைக் கோணலா வச்சிருக்கே" என்று பலகை சொல்லிப் பார்த்தது. இசக்கிக்குக் கேட்கவில்லை.

"கோணலா போச்சா? கவலைப்படாதே, யாருக்கும் தெரியாது" என்றது அண்டூ. அது மட்டும் அவளுக்கு எப்படியோ கேட்டுவிடும். அழுத்தினாள். வரி போயிற்று. மறுபடி எழுதினாள். 'ந' கொஞ்சம் குண்டாக வந்தது. அழுத்தினாள். அடுத்த 'ந' மெலிந்து போயிற்று. அதற்கும் ஓர் அழுத்து.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன அங்கன பாத்துக்கிட்டு இங்கன எழுதுத? பலகையில ஒண்ணையும் காணோமே!"

"எம்மா, ரெக்கார்டு ஓடுது. பேசாத."

"பேசலட்டி. ரசம் ஆறிப் போச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதற்கும் ஓர் அழுத்து. அம்மாவின் குரலை அழிக்க அண்டூவால் முடியாது என்று இசக்கிக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

பிறகு கணக்கு தொடங்கியது. குவியத் தொலைவு இருபது சென்டிமீட்டர். பொருள் முப்பது சென்டிமீட்டரில் இருக்கிறது. பிம்பம் எங்கே விழும்? அவள் சொல்லிக்கொண்டே எழுதினாள். கவனம் முழுக்க எழுத்தின் அழகில் இருந்ததால், பொருளின் தொலைவுக்கு முன்னால் போட வேண்டிய மைனஸ் குறி விட்டுப் போயிற்று. விடை பன்னிரண்டு என்று வந்தது.

இசக்கி நின்றாள்.

"பன்னெண்டா? குவியமே இருபதுலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி பிம்பம் எப்படி விழும்? குவிலென்ஸ்ல நிஜப் பிம்பம் அப்படி விழவே விழாதே. எங்கயோ தப்பு." பேனாவின் நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மேலே போனாள். "இது சரி. இது சரி. இந்தா, இங்கதான். பொருள் லென்ஸுக்கு இடது பக்கம், அப்ப மைனஸ் வரணும். அதை விட்டா, பொருளைத் தூக்கி வலது பக்கம் வச்ச மாதிரி ஆயிரும்."

சொல்லிவிட்டு, நாலு வரியையும் அழித்தாள்.

"அடப்பாவி, நல்லாத்தானே சொன்னா!" என்றது பேனா.

"தப்பு தப்புதான். வீட்டுக் கோலத்தை வெளியில காட்ட முடியுமா?" என்றது அண்டூ.

இரண்டாம் தடவை மைனஸ் குறி நீளமாக விழுந்தது. மூன்றாம் தடவை அதைப் பார்த்தால் புள்ளி மாதிரி இருந்தது. கடைசியாக எல்லாம் ஒழுங்காக அமைந்தது: நேர் வரிகள், அளவான எழுத்து, விடை அறுபது. ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

"மொத்தம் பதினாலு மைனஸ் போட்டேன்" என்று பேனா கணக்குச் சொன்னது. "உயிரோட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணுக்குத்தான் வேலை கிடைக்கும்" என்றது அண்டூ.

பதிவு மொத்தம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இசக்கி கவனமான பெண். அந்த நல்ல பகுதியை வெட்டி எடுத்துத் தனியாகச் சேமித்தாள். குழப்பம் வரக்கூடாது என்று இரண்டுக்கும் தெளிவாக, நீளமாகப் பெயர் வைத்தாள். ஒன்று, 'இசக்கியம்மாள் இயற்பியல் டெமோ முழுசு'. மற்றது, 'இசக்கியம்மாள் இயற்பியல் டெமோ வெட்டினது'.

அனுப்புகிற ஜன்னலைத் திறந்தபோது இரண்டு பெயருமே நீளம் தாங்காமல் பாதியில் அறுந்திருந்தன. மேலே ஓர் 'இசக்கியம்மாள் இயற்பி...'. கீழே இன்னோர் 'இசக்கியம்மாள் இயற்பி...'.

அந்த வேலைக்கு அவள் மவுஸைத்தான் பிடித்தாள். பேனா வந்த நாளிலிருந்து மவுஸை யாரும் சீந்துவதில்லை. மூலையில் கிடந்து முகம் தூக்கிக்கொண்டிருந்தது. மேலே உள்ளதைத் தொட்டதா, கீழே உள்ளதைத் தொட்டதா, வேண்டுமென்றே தொட்டதா என்றெல்லாம் கேட்டால் மவுஸ் இன்றுவரை வாய் திறப்பதில்லை.

வீடியோ போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. நெட் மந்தம் என்று இசக்கி நினைத்துக்கொண்டாள். ஆறிப்போன ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, சரியாகப் போயிருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். திரையில் ஒரு வரி கோணலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. நீளம், ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

மாற்றி அனுப்பப் பார்த்தாள். காலக்கெடு முடிந்துவிட்டது என்று பக்கம் சொன்னது. அப்போது அவள் விரல் தன்னால் பலகையின் ஓரத்துக்குப் போய் அண்டூவை அழுத்தியது. ஒரு தடவை. பத்துத் தடவை. இருபது தடவை.

அண்டூ தன் பலம் அத்தனையும் கூட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணாச்சி, என்ன இது? நான் அழிச்சதெல்லாம் அதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"புள்ளி கொண்டுவந்து கொடுத்துச்சு, வாங்கி வச்சேன்" என்றது லேப்டாப், மூச்சு வாங்கியபடி. "நீ அழிச்சதையும் கொடுத்துச்சு. நீ அழிக்கிறதையும் கொடுத்துச்சு."

ஊருக்கே தன் வேலை தெரிந்துவிட்ட வெட்கத்தில் அண்டூ அன்று முழுக்கப் பலகையின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. பேனாகூட அதைச் சீண்டவில்லை. இசக்கி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு போன் வந்தது.

"இசக்கியம்மாளா? நான் ரெஜினா பேசறேன். உங்க வீடியோ பார்த்தது நான்தான்."

"மேடம், மன்னிச்சிருங்க மேடம், அது தப்பான ஃபைல். பத்து நிமிஷத்துல தனியா ஒண்ணு இருக்கு, இப்பவே அனுப்பிருதேன்..."

"வேணாம்மா. நாப்பது பேர் அனுப்பினது பத்து நிமிஷத்துலதான் இருந்துச்சு. எல்லாத்துலயும் முதல் தடவையே அறுபது வந்துருச்சு. பிள்ளைங்களுக்கு அப்படியா வருது? பன்னெண்டுதான் வருது. வந்ததும் சந்தோஷமா கீழ ரெண்டு கோடு போட்டுருதுங்க."

இசக்கி போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"நீ அந்தப் பன்னெண்டைப் பார்த்து நின்னே பாரு, ஒவ்வொரு வரியா தொட்டுக்கிட்டே போனே பாரு. அந்த ரெண்டு நிமிஷத்தை நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் ஏம்மா அதைப் போய் அழிச்சே?"

"தப்பா இருந்துச்சு மேடம்."

"ஆமா. தப்பா இருந்துச்சு, அதான் பாடம். சரி, கேட்டுக்கோ. 'ந' எழுதறதுக்கு ஆறு தடவை எடுத்துக்கறே. வகுப்புல அதுக்கெல்லாம் நேரம் கிடையாது. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது. புதன்கிழமை சேர்ந்துக்கோ. உங்கம்மா அந்த ரசத்தைப் பத்தி வகுப்பு நேரத்துல பேசாம இருந்தா நல்லது."

"எம்மா!" என்று இசக்கி கத்தியதில் அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"சம்மதம்னு ஒரு மெயில் போட்டுரு. ஒரு வரி போதும்" என்று சொல்லி ரெஜினா போனை வைத்தார்.

மேசைமேல் கொஞ்ச நேரம் ஒரே கொண்டாட்டமாக இருந்தது. பேனா பலகைமேல் உருண்டு புரண்டது. மவுஸ், எதுவும் சொல்லாமலே, எல்லாம் தன்னால்தான் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அண்டூவுக்கு மட்டும் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

"இனி எனக்கு வேலை குறைஞ்சிரும், இல்ல?" என்று கேட்டது.

"குறையட்டுமே" என்றது பலகை. "இந்தப் பிள்ளை அந்த மேடம் சொன்னதைக் கேட்டாளே, அது போதாதா?"

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கீபோர்டை இழுத்து வைத்து மெயிலைத் திறந்தாள். 'மதிப்பிற்குரிய மேடம்' என்று அடித்தாள். ரொம்ப விறைப்பாக இருந்தது, அழித்தாள். 'அன்புள்ள மேடம்' என்று அடித்தாள். ரொம்ப உரிமை எடுத்துக்கொள்வது போல் பட்டது, அழித்தாள். 'வணக்கம் மேடம்' என்று அடித்துவிட்டு, தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வரிதானே!" என்றது பேனா.

"ஒரு வரிதான்" என்றது கீபோர்டின் மூலையில் இருந்த பேக்ஸ்பேஸ், அவள் விரலுக்குத் தோதாகத் தன்னை நிமிர்த்திக்கொண்டு. "சாயங்காலம் வரைக்கும் ஓடும்."