பெயர்ச்சீட்டு கிழிந்த ஸ்லைடு

முத்துப்பேட்டைக் கழிமுகத்தை அடுத்திருந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவி பேராசிரியர் ஜெயக்கொடி. ஒரு நாள் காலையில் அவருக்கு வந்து சேர்ந்த தலைவலியைக் கேளுங்கள்; கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவர் மேசையில் ஒரே ஒரு கண்ணாடி ஸ்லைடு. அதில் டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகள். இதுவரை யாரும் விவரித்திராத புது இனம். ஸ்லைடின் பெயர்ச்சீட்டை யாரோ கிழித்திருந்தார்கள். என்னுடையது, என்னுடையது என்று எதிரும் புதிருமாக நின்றார்கள் இரண்டு ஆய்வு மாணவர்கள், ரெஜினாவும் திருமேனியும். ஒரே அறையில் வேலை பார்த்தும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.

புது இனத்தை விவரிப்பவருக்கே பெயர் சூட்டும் உரிமை. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அந்தத் துறையில் மானக்கேடு. பிறர் பெயரைச் சூட்டலாம். அச்சேறிவிட்டால் லேசில் அழிக்க முடியாது. ரெஜினா கழிமுகத்தின் பெயரை வைத்திருந்தாள். திருமேனியோ ஜெயக்கொடியின் பெயரையே வைத்திருந்தான். அம்மையாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அதோடு ரெஜினாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நீங்க சேத்துல கால் வெச்சு எத்தனை வருஷம் ஆச்சு மேடம்?" என்று சபையிலேயே கேட்டவள் அவள்.

ஜெயக்கொடி நுண்ணோக்கியில் பார்த்தார். சேற்றில் ஊரும் டயட்டத்துக்கு ஓட்டின் நெடுக ஒரு கீறல் இருக்கும். அது ஊர்வதே அந்தக் கீறலால்தான். இந்த ஓடுகளில் வரிவரியாகப் புள்ளிகள், நடுவே வழவழப்பான பட்டை. கீறல் எந்தப் பக்கமும் இல்லை. இருவர் எழுதிய விவரிப்பும் அச்சாகப் பொருந்தியது.

"எப்படி எடுத்தீங்க?" என்றார்.

"நம்ம வழக்கப்படிதான் மேடம்," என்றான் திருமேனி. "தண்ணி வத்தினதும் சேத்து மேல மெல்லிசுத் தாள் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சேன். வெளிச்சத்துக்கு ஏறி வந்ததை மேல்தாள்லேருந்து மட்டும் எடுத்தேன். அடித்தாளைத் தூக்கிப் போட்டுட்டேன். ஒரு பொட்டு மணல் கலக்கலை."

"நான் தாளே விரிக்கலை," என்றாள் ரெஜினா. "மணலை அள்ளிட்டு வந்து அலசினேன். அலசியும் மணல்ல ஒட்டிக்கிட்டிருந்ததை அமிலத்துல கொதிக்க வெச்சு எடுத்தேன். நம்பினா நம்புங்க, இல்லாட்டிப் போங்க."

திருமேனி சிரித்தான். "கொதிக்க வெச்சா எங்கேயோ செத்துத் தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்த ஓடும்தான் வரும். இவ வேலை எப்பவுமே இந்த லட்சணம்தான்."

"திருட்டுப் பயலே!" என்று ரெஜினா பாய்ந்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" ஜெயக்கொடி பேனாவைத் திறந்தார். திருமேனிக்குக் கொடுத்தால் தன் பெயர் தனக்குப் பின்னும் நிற்கும். அந்த ஆசையை அவரால் மறைக்க முடியவில்லை. ஆனாலும் யோசித்து, ஸ்லைடுக்கான புதுச் சீட்டில் உரியவர் என்று ஒரு பெயரை எழுதினார்.

யாருடைய பெயரை எழுதினார்? எதைக் கொண்டு முடிவு செய்தார்?

விடை: ரெஜினாவின் பெயரை. மேல்தாள் வரை ஏறுவதற்கு ஊர வேண்டும். கீறல் இல்லாத டயட்டம் ஊராது, மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தாள் விரித்தே பழகிய திருமேனிக்குப் பொய் சொல்லும்போதும் வேறு வழி தோன்றவில்லை. ஜெயக்கொடி சீட்டை ஒட்டி ஸ்லைடை ரெஜினாவின் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கிட்டு என் கண்ணு முன்னாடி நிக்காம போ," என்றார். ரெஜினா ஸ்லைடை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.