அம்மனுக்குப் பதில் குளித்த கண்ணாடி

ஒரு ஊர்க் கோயிலில் சுதையால் செய்த அம்மன் ஒருத்தி இருந்தாள். சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்து, வண்ணம் தீட்டிய உடம்பு. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் உருவத்துக்குத்தான் அபிஷேகம் செய்வார்கள். அம்மன் ஒரு சொட்டுக்கூட நனையாமல் குளித்துவிடுவாள்.

நாளாக நாளாகக் கண்ணாடிக்குத் தலைக்கனம் ஏறியது.

“பால் எனக்கு, இளநீர் எனக்கு, சந்தனம் எனக்கு. அந்தம்மா சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள்,” என்று பித்தளைச் சொம்பிடம் பீற்றிக்கொண்டது.

“ஊற்றுகிற எனக்குத் தெரியாதா? அது உனக்கில்லை. உனக்குள் தெரிகிறவளுக்கு,” என்றது சொம்பு.

“அவள் தெரிவதே என்னால்தானே?”

“சரியப்பா, உன்னோடு பேசி ஜெயிக்க என்னால் ஆகாது,” என்றது சொம்பு.

ஒரு நாள் காலை செங்கமலம் இரண்டு சொம்புப் பால் கொண்டுவந்தாள். காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் பாலாபிஷேகம் செய்வதாக அம்மனிடம் நேர்ந்துகொண்டவள் அவள். மகள் நன்றாகத் தேறி, நேற்று முதல் பள்ளிக்கூடமும் போகிறாள்.

கண்ணாடி, அபிஷேகம் பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தது. ‘இன்றைக்காவது எல்லோரும் என்னைப் பார்க்கட்டும்’ என்று தலையை நிமிர்த்திக்கொண்டது. நாகநாத குருக்கள் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, முதல் சொம்புப் பாலை ஊற்றினார்.

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. நிமிர்ந்த கண்ணாடியில் அம்மன் இல்லை. மேலே தொங்கிய டியூப் லைட்தான் தெரிந்தது. அதில் எழுதியிருந்த ‘உபயம்: சிங்காரம் அரிசி மண்டி’யின் மேல் பால் வழிந்து ஓடியது. கூட்டத்தில் நின்ற சிங்காரம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

“சாமி, நான் நேந்துக்கிட்டது ஆத்தாளுக்கு. டியூப் லைட்டுக்கு இல்லீங்க,” என்றாள் செங்கமலம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தது அவளுக்கு இன்னும் வலித்தது.

குருக்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அழாதேம்மா, இன்னொரு சொம்பு இருக்கு. இதுலயும் இந்தக் கண்ணாடி கோணித்துன்னா, வாகனக் கொட்டகையில தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடறேன்!”

வாகனக் கொட்டகையில் கால் உடைந்த மரக்குதிரையும் வௌவால்களும்தான் துணை. கண்ணாடிக்குப் பாதி உயிர் போய்விட்டது. செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் மீதி உயிரும் கூசிப்போனது. தலையைக் குனிந்தது.

அம்மன் மூக்குத்தியோடு முழுசாக அதில் வந்து நின்றாள். பால் இறங்கியது. “ஆத்தா!” என்று செங்கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கண்ணாடி மெல்லக் கேட்டது. “ஆத்தா, என்மேல் உனக்குக் கோபமே இல்லையா?”

“எதற்குக் கோபம்? நாம் இரண்டு பேரும் ஒரே வேலைதானே பார்க்கிறோம்.”

“ஐயோ, நீ அம்மனாச்சே!”

அம்மன் சிரித்தாள்.

“நான் வெறும் சுண்ணாம்பும் கருப்பட்டியும். எனக்குள் தெரிகிறவளைத்தான் அவர்கள் கும்பிடுகிறார்கள். இத்தனை வருஷமும் நான் தலை நிமிராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.”