குலசேகரன் அடைத்த துளை

கரடிமலைக்குப் புதிதாக வந்த குடிநீர் மேற்பார்வையாளர் குலசேகரனுக்கு மண்டை குழம்பிப் போயிற்று. உச்சிச் சுனையில் தண்ணீர் ததும்புகிறது, குழாயில் எங்கும் உடைப்பில்லை. ஆனாலும் மூன்று நாளாக ஊர்த் தொட்டிக்கு ஒரு சொட்டு வரவில்லை!

குழாயைப் பராமரிக்கிற அங்காயியிடம் எகிறினார். "நடு மேட்டுல குழாய் ஒழுகிட்டிருந்த துளையை நானே ஆணி அடிச்சு அடைச்சேன். தண்ணி முன்னைவிட அதிகமால்ல வரணும்? சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உனக்கு வேலை கிடையாது. குழாய்ல நீ ஒரு துளை போடக் கூடாது!"

"சரிங்கய்யா, முதல்ல டீ குடிங்க" என்றவள், டீயும் கெட்டிப்பால் டின்னும் கொண்டுவந்தாள். டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தாள். பால் இறங்கவில்லை. உலுக்கினாள், தட்டினாள். ம்ஹூம்.

காலிக் குடங்களோடு வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவள் என்னதான் செய்கிறாள்? குலசேகரனுக்குப் பொறுக்கவில்லை.

"அட மக்கு! எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போடு. காத்துக்கு வழி விடாம பால் எப்படி வரும்?"

"தண்ணியும் அப்படித்தாங்கய்யா. மேட்டுல காத்து தங்கிக் குழாயை மறிக்கும். அது வெளியே போகத்தான் அந்தத் துளையை வெச்சிருந்தோம்."

குலசேகரன் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்காயி குறடை நீட்டினாள்.

"ஆணியை நீங்களே பிடுங்கிடுங்கய்யா. நான்தான் துளை போடக் கூடாதே!"

மேடேறிப் போனவர், துளை பீய்ச்சியடித்ததில் சட்டை நனைந்து இறங்கி வருவதற்குள், தண்ணீர் ஊர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது.